வெளியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை, உள்ளே மட்டும் ஏன் இத்தனை ஈரம்? (மழைக்காலக் கோழிக்கூடு)

முடோன் மருமகள்
ஜூலை 3, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் மௌல்மீனுக்குத் தெற்கே முடோனில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. பெட்டைக் கோழிகள் 14, சேவல் ஒன்று, தாயோடு திரியும் குஞ்சுகள் 11 இருந்தன. போன வாரம் வரை 11. இன்று மாலை எண்ணியபோது 8.

கூடு தரையோடு தரையாகக் கட்டியது. இரண்டு வரிசைச் செங்கல், அதன்மேல் மூங்கில் தட்டி, மேலே தகரம். மழை பிடித்ததும் சாரல் அடிக்கிறது என்று நான்கு பக்கமும் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போக வழியில்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாக நிற்கிறது. உமியில் கால் வைத்தால் சொதசொதக்கிறது. நெடி கண்ணைக் கரிக்கிறது. ஒரு பெட்டைக்குக் கண்ணோரம் நுரை கட்டியிருக்கிறது.

இன்று செத்தது பழுப்பு நிறக் குஞ்சு. காலையில் கையில் எடுத்தபோது உயிர் இருந்தது. பூமுடி எல்லாம் உடம்போடு ஒட்டி, பாதி அளவாகச் சுருங்கிப்போய், கண்ணை மூடி மூடித் திறந்தது. கால் விரல்கள் ஐஸ் போலச் சில்லிட்டிருந்தன. அடுப்படிக்குக் கொண்டுபோவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

"மழைக்காலத்துக் குஞ்சு தங்காது, விட்டுவிடு" என்கிறார் அத்தை. நான் ரங்கூனில் மூன்றாவது மாடி வீட்டில் வளர்ந்தவள். என் கையில் பொரித்த முதல் ஈடு இது. விட மனம் வரவில்லை. நான் என்ன தவறு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

தட்டோன் பெரியவர்
ஜூலை 3, இரவு 9.55

அம்மா, தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள், இப்போதே எழுந்து போய் மேல் பக்கத்தை மட்டுமாவது அவிழ்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் கூட்டில் இருக்கும் ஈரம் வானத்து ஈரம் இல்லை. கோழிகளின் ஈரம். ஒரு பெரிய கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் குடிக்கும். உங்களிடம் 15. மூன்று லிட்டருக்கு மேல் ஆயிற்றா? குடித்ததில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சுக்காற்றாகவும் வெளியே வந்தாக வேண்டும். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். கோழி உடம்பின் சூடு 41 டிகிரி. அந்தச் சூட்டில் வெளிவரும் மூச்சு, மழையில் குளிர்ந்த தகரத்தில் பட்டதும் நீராகிறது. நீங்கள் பார்த்த முத்துகள் அவைதாம். அவை திரும்ப உமியில் சொட்டுகின்றன. தினமும் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் உள்ளே ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்துவதும் இதுவும் ஒன்றே.

நான் தட்டோனில் 30 வருடத்துக்கு மேலாக வளர்க்கிறேன். ஆரம்பத்தில் நானும் சாக்கும் தார்ப்பாயுமாக மூடி வைத்துத்தான் கோழிகளைப் பறிகொடுத்தேன். மழையில் நனைந்து செத்த கோழியை நான் கண்டது குறைவு. மூடிவைத்த கூட்டில் புழுங்கி, நெடியில் கண் கெட்டு, சளி பிடித்துச் செத்தவை எத்தனையோ.

செய்ய வேண்டியது இது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்கு நான்கு புறமும் திறந்து விடுங்கள். மரநாய் நுழையாதபடி கம்பிவலை அடித்தால் போதும். அவிழ்த்த தார்ப்பாயை வீணாக்க வேண்டாம். நமக்குப் பெருமழை தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் கூரை விளிம்பிலிருந்து மூன்று அடி வெளியே நீட்டி, சாய்வாக, தாழ்வாரம் போல இரண்டு மூங்கில் நட்டுக் கட்டுங்கள். சாரல் அதில் விழும், காற்று அதன் கீழே நடமாடும். கோழி பரணில் உட்காரும் உயரத்தில் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. அதன் தலைக்கு மேலே அடிக்கட்டும்.

பெகு தம்பி
ஜூலை 4, காலை 6.20

ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கிறேன். அக்கா, நெடி இருக்கிறதா என்று நின்றுகொண்டு பார்க்காதீர்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைக் கோழி நிற்கும் உயரத்துக்குக் கொண்டுபோய் மூச்சை இழுங்கள். நமக்கு இடுப்பு உயரத்தில் லேசாகத் தெரிகிற அமோனியா அவற்றுக்கு இரவு முழுக்க மூக்கில் ஏறுகிறது. கண்ணில் நுரை அதனால்தான் இருக்கும்.

உமியைப் பொறுத்தவரை நான் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூள் தூவுகிறேன். ஈரத்தை உறிஞ்சிவிடும். தரைக்கூட்டை இடிக்க வேண்டியதில்லை.

சிரியம் செல்வி
ஜூலை 4, காலை 11.15

தம்பி, பெகுவில் சரிப்படுவது முடோனில் சரிப்படாது. மௌல்மீன் பக்கம் வருடத்துக்கு ஏறத்தாழ 4,800 மில்லிமீட்டர் மழை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் தனித்தனியே 1,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மாதங்கள். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது 1,400 அளவுக்குத்தான். அங்கிருந்து வரும் கோழி வளர்ப்புக் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே கூடு கட்டுகிறோம்; அங்கே மழை இரண்டு மாதம் நின்று நின்று பெய்யும், நமக்கு மே கடைசியில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. தரையே ஊறி நிற்கும்போது உமி எத்தனை விரற்கடை போட்டாலும் கீழிருந்து நீர் ஏறும்.

இந்த நாட்டில் பர்மியர், மோன், கரேன் எல்லோரும் ஏன் கால் நட்டு வீடு கட்டுகிறார்கள்? கோழிக்கும் அதே வழிதான். என் கூடு தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் நிற்கிறது. அடியில் பிளந்த மூங்கில் பாவிய தளம். எச்சம் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும், கீழிருந்து காற்று மேலே வரும். உமியே வேண்டாம். கீழே விழுவதை வாரம் ஒருமுறை வாரி வாழைக்குப் போடுகிறேன். கோழிகள் ஏற ஒரு பலகை, அதில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவுதான் செலவு.

உங்கள் கூட்டை இடிக்க வேண்டாம், முடோன் தங்கச்சி. செங்கல் வரிசை அப்படியே இருக்கட்டும். அதன் மேல் நான்கு கருங்கல் வைத்து, உள்ளேயே ஒரு மேடைத் தளம் போடலாம்.

பெகு தம்பி
ஜூலை 4, மதியம் 1.05

அக்கா, மூங்கில் தளத்தில் கோழிக்குக் கால் புண் வருகிறதே. என் சித்தப்பா வீட்டில் மூன்று கோழிகளுக்குப் பாதத்தில் கட்டி வந்து, கறுப்பு ஆணி போல இறுகி, நொண்டின. உமியில் நடக்கும் கோழிக்கு அது வராது.

சிரியம் செல்வி
ஜூலை 4, மதியம் 2.30

மூங்கிலைப் பிளந்து உள்பக்கத்தை மேலே வைத்தால் வரும். பிளந்த ஓரம் கத்தி போல இருக்கும், பாதம் கீறி அதில் சீழ் பிடிக்கும். வழவழப்பான வெளிப்பக்கம் மேலே இருக்க வேண்டும், ஓரத்தை அரிவாளால் சீவிவிட வேண்டும். பரண் கட்டையும் அப்படியே. உயரம் அதிகமாக இருந்து கோழி ஈரத் தரையில் தொப்பென்று குதித்தாலும் பாதத்தில் கட்டி வரும். பலகை வைப்பது அதற்காகவும்தான்.

ஈர உமியில் நாள் முழுக்க நிற்கும் கோழிக்குப் பாதம் ஊறி வெடித்து அதே புண் வருவதையும் நான் கண்டிருக்கிறேன்.

ரங்கூன் கால்நடை
ஜூலை 4, இரவு 10.10

கால்நடை மருத்துவ உதவியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவன். மின்சாரம் இப்போதுதான் வந்தது, அதனால் தாமதம்.

முதலில் சுண்ணாம்பு. தம்பி, காய்ந்த வெறும் தரையில் தூவி, அதன்மேல் புது உமி போட்டால் நல்லது. எச்சம் கலந்த ஈர உமியின் மேல் தூவினால் அதிலுள்ள அமோனியாவை அது உடனே கிளப்பிவிடும். அன்று இரவு நெடி இரட்டிப்பாகும். ஈரமானதை வாரி வெளியே கொட்டுவதற்கு மாற்று வழி எதுவும் கிடையாது.

உமி எப்போது கெட்டது என்று அறிய ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டையாக நின்றால் வார வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இனி குஞ்சுகள். முடோன் அம்மா, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். செத்த மூன்றும் நனைந்துதான் செத்தனவா? சாவதற்கு முன் சிறகைத் தொங்கப்போட்டு, கூனிக் குறுகி, ஓரமாக நின்றனவா? எச்சம் என்ன நிறம்? நாளை காலை ஒரு பழைய செய்தித்தாளைக் கீழே விரித்து, குஞ்சுகளை அரை மணி நேரம் அதன்மேல் விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

முடோன் மருமகள்
ஜூலை 5, காலை 7.50

தார்ப்பாயை முந்தாநாள் இரவே அவிழ்த்துவிட்டேன், ஐயா. குடை பிடித்துக்கொண்டு அத்தைதான் விளக்குக் காட்டினார். நேற்றுக் காலை தகரத்தின் அடியில் முத்து இல்லை. என் கண்ணாலேயே பார்த்தும் நம்ப முடியவில்லை.

செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். எட்டில் ஐந்து குஞ்சுகள் ஒழுங்காகத்தான் கழிந்தன. இரண்டின் எச்சம் காப்பி நிறத்தில் சளி போல இருந்தது. ஒன்று ரத்தமாகவே கழிந்தது. அது சிறகைத் தொங்கப்போட்டு நிற்கிறது. நீங்கள் சொன்ன அதே நிலை. குஞ்சுகளுக்கு வயது 26 நாள். என்ன செய்வது? பயமாக இருக்கிறது.

ரங்கூன் கால்நடை
ஜூலை 5, காலை 9.30

இது ரத்தக்கழிச்சல். பயப்படாதீர்கள், ஆனால் இன்றே தொடங்க வேண்டும். குடலில் வளரும் ஒரு நுண்ணுயிர். அதன் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்து, சூடும் ஈரமும் சேர்ந்த உமியில் ஓரிரு நாளில் முற்றி, அடுத்த குஞ்சு கொத்தும்போது உள்ளே போகின்றன. மூன்றிலிருந்து எட்டு வாரக் குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். பெரிய கோழிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி எதிர்ப்பு பெற்றிருக்கும், அதனால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் குஞ்சுகளைக் கொன்றது குளிர் மட்டும் அல்ல.

கால்நடை மருந்துக் கடையில் அம்ப்ரோலியம் கேளுங்கள். தண்ணீரில் கலக்கும் தூள். பாக்கெட்டில் உள்ள அளவு, ஐந்து நாள், வேறு தண்ணீர் எதுவும் கண்ணில் படக் கூடாது. கூரையிலிருந்து சொட்டித் தேங்குவதைக் குடித்தால் மருந்து போய்ச்சேராது. அந்த ஐந்து நாளும் வைட்டமின் பி கலந்த டானிக் கொடுக்காதீர்கள். அந்த நுண்ணுயிருக்கு வேண்டிய பி1-ஐத் தடுத்துத்தான் மருந்து வேலை செய்கிறது. நாம் அதையே மேலும் ஊற்றினால் மருந்து வீணாகும். ஐந்து நாள் முடிந்த பிறகு கொடுக்கலாம்.

கிருமிநாசினி ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்று கடையில் சொல்வார்கள். இதன் முட்டைகள் பெரும்பாலான கிருமிநாசினிக்கு அசையாது. உலர்வுக்கும் வெயிலுக்கும்தான் சாகும். அதனால்தான் இங்கே எல்லோரும் உலர்வு, உலர்வு என்று அடித்துக்கொள்கிறோம். செல்வி அம்மா சொன்ன மேடைத் தளத்தைக் குஞ்சுகளுக்காவது உடனே போடுங்கள். எச்சம் கீழே விழுந்துவிட்டால் அதைக் கொத்த வாய்ப்பில்லை.

தட்டோன் பெரியவர்
ஜூலை 5, மாலை 5.40

குஞ்சு நனைவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொட்டும் மழையில் எந்தத் தாய்க்கோழியும் குஞ்சுகளை வெளியே அழைத்துப்போகாது. மழை விட்டதும்தான் போகும். மண்புழுவும் ஈசலும் அப்போதுதானே வெளியே வரும். அவளுக்குப் புல் முழங்காலுக்குக் கீழே. குஞ்சுகளுக்கோ தலைக்கு மேலே. பத்தடி நடப்பதற்குள் துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடும். பெரிய கோழிக்கு வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும், தண்ணீர் உருண்டு ஓடிவிடும். குஞ்சின் பூமுடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு மாதம் ஆகும்வரை தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துக்குள் வையுங்கள். வீட்டுக்கு அடியில், காய்ந்த சாக்கின் மேல். வெயில் தலைகாட்டிப் புல் உலர்ந்த நாளில் 10 மணிக்கு மேல் திறந்துவிடுங்கள்.

நனைந்த குஞ்சு கையில் கிடைத்தால் பழைய லுங்கித் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, அட்டைப் பெட்டியில் வெந்நீர் போத்தல் ஒன்றைத் துணி சுற்றி வைத்து, பக்கத்தில் படுக்க வையுங்கள். சூடு பிடிக்காதபடி ஒரு பக்கம் காலியாக இருக்கட்டும், வேண்டாம் என்றால் அது நகர்ந்துகொள்ளும். தலையைத் தானாக நிமிர்த்தும்வரை வாயில் தண்ணீர் விடாதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

தவாய் கிருஷ்ணவேணி
ஜூலை 6, காலை 10.00

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அடை வைத்த முட்டை இடிச் சத்தத்தில் கெட்டுவிடும் என்று எங்கள் ஆச்சி கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போடுவார். இந்த மழையில் இரண்டு கோழி அடையில் இருக்கின்றன. போட வேண்டுமா?

ரங்கூன் கால்நடை
ஜூலை 6, இரவு 9.20

ஆச்சி போட்டதைப் போடுங்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் முட்டை கூழாவது சத்தத்தால் அல்ல. இடி மின்னலோடு வரும் மழையில் கூடை நனைகிறது, கோழி பயந்து எழுந்து போகிறது, முட்டை ஆறிவிடுகிறது. ஈரமான ஓட்டின் நுண்துளை வழியே அழுக்கு உள்ளே போகிறது. கூடையை வீட்டுக்குள் இருட்டு மூலையில், தரையில் படாமல் ஒரு பலகைமேல் வையுங்கள். அடியில் ஒரு பிடி உலர்ந்த மணல், அதன்மேல் வைக்கோல். சேறு பட்ட முட்டையை ஈரத்துணியால் துடைத்து அடை வைக்காதீர்கள். காய்ந்த சேற்றைச் சுரண்டிவிடலாம், மோசமாக இருந்தால் அதைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு வேறு முட்டை வையுங்கள். ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; சிலந்திக்கால் போல ரத்த நரம்பு தெரியாத முட்டைகளை எடுத்துவிட்டால் மற்றவற்றுக்கு இடமும் சூடும் கிடைக்கும்.

தவாய் கிருஷ்ணவேணி
ஜூலை 6, இரவு 9.45

நன்றி ஐயா. மிளகாயும் போடுகிறேன், பலகையும் வைக்கிறேன்.

பெகு தம்பி
ஜூலை 8, மாலை 6.15

இன்னொரு சங்கதி. நான்கு நாளாக வெளியே விடவில்லை, இன்று பார்த்தால் ஒரு பெட்டையின் முதுகில் இறகே இல்லை. மற்றவை கொத்திப் பிடுங்கியிருக்கின்றன. தீனி குறைவில்லை, தண்ணீர் குறைவில்லை. நெருக்கமும் பெரிதாக இல்லை.

சிரியம் செல்வி
ஜூலை 8, இரவு 8.00

வேலை இல்லை, தம்பி. வெளியே விட்ட கோழி காலையிலிருந்து மாலைவரை கிளறிக்கொண்டும் கொத்திக்கொண்டும் இருக்கும். தட்டில் தவிட்டைக் குழைத்து வைத்தால் பத்து நிமிடத்தில் தின்று முடிக்கிறது. மிச்ச நேரத்துக்கு என்ன செய்யும்? பக்கத்தில் நிற்பவளின் முதுகுதான் கண்ணில் படும்.

தீனியில் கால்பங்கை, நெல்லாகவோ குருணையாகவோ, காய்ந்த வைக்கோலுக்குள் தூவிவிடுங்கள். கிளறிக் கிளறித் தேடட்டும். முருங்கைக் கொத்தையோ கீரைக்கட்டையோ கோழி எக்கிக் கொத்தும் உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். அது ஆடும், இவை துரத்தும். வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து போட்டால் என் கோழிகள் ஒரு மத்தியானம் முழுக்க அதையே கொத்திக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சாம்பல் குளியல். நமக்குக் குளிப்பது எப்படியோ அப்படி அவற்றுக்கு மண்ணில் புரள்வது. ஐந்து மாதம் காய்ந்த மண்ணே கிடைக்காவிட்டால் செல்லுப்பூச்சியும் பேனும் பிடித்து, ரத்தம் குறைந்து, கொண்டை வெளுத்துவிடும். நான் சித்திரையில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு, கூரை மேயும்போதே நான்கு மூட்டை மணலும் காய்ந்த மண்ணும் கட்டி வீட்டுக்கடியில் வைத்துவிடுவேன். அதோடு விறகடுப்புச் சாம்பலைக் கலந்து பழைய லாரி டயருக்குள் கொட்டினால் போதும். போன வாரம் சாம்பல் மாற்றிய அன்று மூத்த பெட்டை முதலில் இறங்கினாள். பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு சிறகை விசிறி போல விரித்து, காலால் சாம்பலை வாரி முதுகில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே கிடந்தாள். மற்ற மூன்றும் வரிசையில் நின்றன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நானும் எழுந்திருக்கவில்லை.

காயம்பட்ட பெட்டையை ஆறும்வரை தனியே வையுங்கள். ரத்தத்தைக் கண்டால் மற்றவை விடமாட்டா. மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள், சிவப்பு மறையும்.

தட்டோன் பெரியவர்
ஜூலை 9, காலை 8.30

தூறலில் கோழியை அடைத்தே வைக்க வேண்டியதில்லை, தம்பி. கதவைத் திறந்து வையுங்கள். நல்ல நாட்டுக்கோழிக்குத் தூறல் ஒரு பொருட்டில்லை. கனத்தால் தானாகவே வால் தாழ்ந்து ஓடிவரும். வீட்டிலிருந்து கூடுவரை ஒரு தாழ்வாரம், அதன் ஓரத்தில் சேறாகாமல் கொஞ்சம் செங்கல் பொடியோ சரளையோ கொட்டி வைத்தால் போவதும் வருவதும் அதன் விருப்பம். பட்டுநூல் போல இறகுள்ள சில்கி வகையை மட்டும் விடாதீர்கள். அதன் இறகில் தண்ணீர் உருளாது, உள்ளே இறங்கிவிடும்.

கூரை பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தகரம் அறைகிற சத்தத்தில் கோழிகள் இரவெல்லாம் கழுத்தை நீட்டியபடியே உட்கார்ந்திருக்கும். 'தனி' என்று பர்மியர் சொல்லும் நிப்பாப் பனையின் கீற்றை வேய்ந்தால் சத்தமும் இல்லை, அடியில் நீர் கோர்ப்பதும் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதில் எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும்; குறை இல்லாமல் இல்லை. என் கூட்டில் தகரத்துக்கு மேலே கீற்று. இரண்டின் நன்மையும் கிடைக்கிறது.

சிரியம் செல்வி
ஜூலை 9, மதியம் 12.40

ஐயா, கீற்றுக்கு மேலே கயிறு கட்ட மறக்கக் கூடாது. 2008 மே மாதம் நர்கிஸ் அடித்த இரவில் எங்கள் கூட்டின் தகரம் மூன்று வீடு தள்ளிப் பறந்துபோய் விழுந்தது. ஆணி அடித்திருந்தோம், கட்டவில்லை. அப்பா அன்றிலிருந்து கூரையின் மேலே குறுக்காகக் கயிறு போட்டு, இரண்டு முனையையும் தரையில் அடித்த முளையில் கட்டுவார். நானும் அப்படியே செய்கிறேன்.

பெகு தம்பி
ஜூலை 9, இரவு 7.10

2023 அக்டோபரில் பெகு மூழ்கியபோது எங்கள் தெருவில் தரைக்கூட்டில் இருந்த கோழிகள் இரவோடு இரவாகப் போய்விட்டன. பக்கத்து மோன் வீட்டில் உயரமான கூடு. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்வி அக்கா சொன்னதை மறுத்து எழுதியபோது இதை நான் யோசிக்கவில்லை. தை மாதம் நானும் கால் நட்டுக் கட்டப்போகிறேன்.

முடோன் மருமகள்
ஜூலை 14, இரவு 9.00

மருந்து ஐந்து நாள் முடிந்தது. ரத்தமாகக் கழிந்த குஞ்சு இரண்டாம் நாளே போய்விட்டது. மற்ற ஏழும் இருக்கின்றன, எச்சம் சரியாகிவிட்டது. கண்ணில் நுரை கட்டிய பெட்டைக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துடைத்தேன், நெடி போன பிறகு தானாகவே தெளிந்துவிட்டது. மேடைத் தளத்தை அத்தையின் தம்பி வந்து ஒரே நாளில் போட்டுக் கொடுத்தார். மூங்கிலின் வழவழப்புப் பக்கம் மேலேதான்.

சோளம் பற்றி ஒரு சந்தேகம். மலிவாகக் கிடைக்கிறதே என்று கடையில் 15 வீசை மூட்டையாக வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் நடுவில் பச்சையாகப் பூஞ்சை. கழுவிக் காயவைத்துப் போடலாமா? கடைக்காரர் போடலாம் என்கிறார்.

ரங்கூன் கால்நடை
ஜூலை 14, இரவு 9.35

போடாதீர்கள். பூஞ்சையைக் கழுவினாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு மணிக்குள் இருக்கும், வேகவைத்தாலும் போகாது. ஈரலைக் கெடுக்கும். வாத்துக்கும் பன்றிக்கும்கூட ஆகாது. மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டிய மூன்று நான்கு வீசைக்கு மேல் வாங்காதீர்கள். மூடியுள்ள தகர டின்னில், தரைபடாமல் வையுங்கள். ஈரக்கையால் அள்ளாதீர்கள்.

தோட்டத்தை ஒட்டிய வீடு என்றீர்களே. மழையில் பால் வெட்டாமல் மரத்தில் விட்டுவைத்த கிண்ணங்களில் தண்ணீர் நின்று கொசு பெருகும். கோழி அம்மையைக் கொசுதான் கொண்டுவருகிறது. தோட்டக்காரர்களிடம் சொல்லி உங்கள் வேலியோரத்து மரங்களில் மட்டுமாவது கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் தடுப்பு மருந்துச் சொட்டு விட்டாயிற்றா? அதைப் பெருமழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் குஞ்சுகள் நன்றாகத் தேறிய பிறகு, நலமாக இருக்கும் கோழிகளுக்கு மட்டும் போடுங்கள். பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

முடோன் மருமகள்
ஆகஸ்ட் 2, மாலை 6.30

ஏழும் நலம். வாசோ என்ற பர்மிய மாதப் பௌர்ணமிக்குப் பிறகு மழை ஒரு நாள்கூட விடவில்லை, ஆனால் உள்ளே கை வைத்தால் மூங்கில் காய்ந்திருக்கிறது. இரவில் அத்தை எனக்கு முன்பே போய் ஒவ்வொன்றின் கழுத்தடியிலும் கை வைத்து தீனிப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார். கிண்ணங்களைக் கவிழ்க்கச் சொன்னதும் அவர்தான். பக்கத்துத் தோட்டத்துக் குடும்பத்தார் வந்து தளத்தைப் பார்த்துவிட்டு, தாங்களும் போடப்போவதாகச் சொன்னார்கள். மூங்கிலுக்கு மூங்கில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்கிறார்கள். எங்களுக்குப் போட்டுக் கொடுத்தவர் கண்ணளவில் போட்டார், நான் அளக்கவில்லை.

சிரியம் செல்வி
ஆகஸ்ட் 2, இரவு 8.10

பெரிய கோழிக்கு உங்கள் சுண்டுவிரல் அகலம். அதற்கு மேல் போனால் கால் மாட்டிக்கொள்ளும், குறைந்தால் எச்சம் விழாமல் நிற்கும். குஞ்சுகள் இருந்தால் அவை படுக்கும் மூலையில் மட்டும் ஒரு காய்ந்த சாக்கை விரித்து, தினமும் மாற்றச் சொல்லுங்கள்.